வெள்ளைப் பெட்டியின் ஓரத்தில் ஓர் அழுக்குக் கோடு

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது முறையாக என் புகாரை மூடிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனி தயாரிக்கும் பிரவுசரில், ஓரம் மெல்லக் கரைந்து மறையும் வெள்ளைப் பெட்டி ஒன்று வெள்ளைப் பக்கத்தின் மேல் வந்தால், அந்த ஓரத்தில் சாம்பல் கோடு படிகிறது. துவைக்காத காலர் மாதிரி. படம் எடுத்தும் அனுப்பினேன். "அது நிழல்" என்று பதில்.

நிரல் எழுதும் வேலையை விட்டு எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுச் சோதனைப் பிரிவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று சொல்வார்கள். சொல்லப்போகிறவரும் புகாரை மூடுகிறவரும் ஒரே ஆள். மனதுக்குள் அவருக்கு நீதிபதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மார்ச் 5

நீதிபதி என் மேசைக்கே வந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. பத்து பேர் பார்த்தாச்சு, யார் மெஷின்லயும் வரல. வெள்ளிக்கிழமை ரிலீஸ். இதை விட்டுருங்க." போகிற போக்கில், "கண்ணாடிய ஒருதடவ மாத்திப் பாருங்க" என்று வேறு.

எரிச்சல் தலைக்கேறியது. வீட்டுக்காரரிடம் கொட்டினேன். "நீ சொன்னா இருக்கும். ஆனா கண்ணையும் காட்டிட்டு வந்துடு" என்றார். இவருமா? சரி, காட்டித் தொலைக்கிறேன்.

மார்ச் 6

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை!

டாக்டர் வெள்ளை அட்டையைக் காட்டினார். கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். அப்புறம் கறுப்பு அட்டை. அதில் சாம்பல் எழுத்து இருந்ததே தெரியவில்லை. "கறுப்புல மங்கலா இருந்தா யாருக்குமே தெரியாதும்மா" என்றார்.

நாற்காலியிலேயே எனக்குப் பொறி தட்டியது. ஓட்டமும் நடையுமாக அலுவலகம். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன். பத்துத் திரையிலும் பின்னணி கறுப்பு. கண்ணுக்கு இதம் என்று எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் வேலை செய்கிற பட்டிக்காட்டுப் பிறவி நான் ஒருத்திதான்.

"வெள்ளைக்கு மாத்துங்க" என்றேன் முதல் மேசைக்காரரிடம். மாற்றினார். "ஐயய்யோ" என்றார். பத்து மேசையிலும் கோடு. நீதிபதி தன் திரையையும் மாற்றிப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் 7

யாரும் கேட்கவில்லை, நானே நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். எட்டு வருடத் துரு. மதியத்துக்குள் பிடித்துவிட்டேன். பெட்டி ஓரத்தின் நிறத்தை ஓரிடத்தில் தேவையான அளவு மங்கலாக்குகிறார்கள். வேறோரிடத்தில் அதையே இன்னொரு தரம் மங்கலாக்குகிறார்கள். அதனால்தான் வெள்ளை அழுக்காகிறது.

ஒரே ஒரு வரியை நீக்கினேன். கோடு போயே போய்விட்டது.

மார்ச் 8, வெள்ளி

புதிய பதிப்பு வெளியானது. கூடவே வந்த குறிப்பில், திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர். மகள் அதை நாலு தரம் சத்தமாகப் படித்தாள். நானும் தடுக்கவில்லை.

மார்ச் 29

நிரந்தரமாக்கிய கடிதம் காலையில் வந்தது. கூடவே ஒரு பொறுப்பு: திரையில் தெரியும் குறை எதுவானாலும் என் ஒப்புதல் இல்லாமல் இனி மூட முடியாது.

மதியம் நீதிபதி ஒரு புகாரை மூடச் சொல்லி அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன். "எந்தப் பின்னணியில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்தார். "பாக்கலக்கா. இதோ, பாத்துட்டு வரேன்."