தலைமாட்டுப் பக்கம்

சின்னவளே,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் சாப்பிடு.

அப்பா போர்வையின் ஓரத்தில் நான் குரோஷா ஊசியால் பின்னிய லேஸைப் பிரித்துவிடாதே. "கண்ணு தெரியாதவருக்கு எதுக்குக்கா இந்த அலங்காரமெல்லாம்?" என்று நேற்று கேட்டாய். வாயைத் திறந்தால் சண்டைதான் என்று போய்ப் படுத்துவிட்டேன். அது அலங்காரம் இல்லை. ஒரு பக்கம் மட்டும்தான் பின்னியிருக்கிறேன். விரலால் தடவி, அதுதான் தலைமாட்டுப் பக்கம் என்று கண்டுபிடித்துத் தானே போர்த்திக்கொள்கிறார், யாரையும் கூப்பிடாமல்.

சாவி வழக்கமான இடத்தில்.

மறந்துவிட்டேன். லேஸைத் தடவிக்கொண்டே, "உங்கம்மா பின்னினதா?" என்பார். அம்மா இறந்தது அவருக்குச் சில நேரம் நினைவில் இருப்பதில்லை. முதல் நாள், "நான்தாம்பா" என்றேன். "அப்ப அவ எங்க?" என்று கேட்டார். நீ, "ஆமாம்பா" என்றே சொல்லிவிடு.