ஒரு சுற்றுப் பெரிய வளையல்

சரசா அக்கா, என் ஓரகத்தியே, என் கூட்டாளியே,

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. உன் அம்மா வீடு இருக்கிற திருத்தணி மெட்ராஸோடு போய்விட்டது. நகரியில் நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். ரயில் அதேதான், டிக்கெட் கொடுக்கிறவரும் அதே ஆள்தான். உன் கொழுந்தனார்தான் இனிமேல் மனுவெல்லாம் தெலுங்கில் எழுத வேண்டும் என்று சலித்துக்கொள்கிறார்.

நான் எழுதுவது அதற்காக இல்லை. முழுகாமல் இருந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் மாதத்திலிருந்தே இடுப்பு வலி. ராட்டை முன்னால் குந்தி நூல் சுற்றுகிற நம் தெருவில் எவளுக்குத்தான் அது வரவில்லை? நீ முழுகாமல் இருந்தபோது கடை மாத்திரை வாங்கி விழுங்கினாய். நான் ரயிலேறிப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு தெலுங்கு நர்சம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டுமாம், ஒரே இடத்தில் உட்காராமல் எழுந்து நடக்க வேண்டுமாம்.

"மாத்திர துன்னணும்னா எங்கள கேட்டு துன்னு. கடையில கேக்காத," என்றார். "தலநொப்பி, தலவலி மட்டும் வேற. கை, மூஞ்சி வீங்கி, கண்ணு மங்கி, தல வலிச்சா ஒத்தடம் குடுத்துக்கினு குந்தாத. வண்டி கட்டிக்கினு வந்துடு."

இதை உனக்கு யார் சொன்னார்கள் அக்கா?

உனக்குத் தலைவலி வந்தபோதும் அந்தக் கடை மாத்திரைக்கே வலி கேட்டது. அதுதான் வினை. வலி அடங்கியதும் நீ மறுபடி ராட்டையில் உட்கார்ந்தாய். வளைகாப்பு வளையல்கள் கையில் இறுகி அசையாமல் நின்றன. நம் மாமியார் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, எப்பிடி பூரிச்சிக்கினு கீறா." நீயும் சிரித்தாய். அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வலிப்பு வந்தது. பிள்ளையும் தங்கவில்லை, நீயும் தங்கவில்லை. சுமங்கலி என்று வளையலோடேயே உன்னை அனுப்பினோம். கழற்ற நினைத்திருந்தாலும் வந்திருக்காது. எனக்கு அன்று எல்லார் மேலும் கோபம், உன் மேலும்தான்.

அதன் பிறகு இந்த வீட்டில் உன் பேரை யாரும் எடுப்பதில்லை.

நர்சம்மா சொன்னதை நான் வந்து சொன்னபோது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தாய்வீடு இல்லாத எனக்கு வளைகாப்பும் அவர்தான் செய்தார். திருச்சானூர்க் கடையில் ஒரு சுற்றுப் பெரிய வளையலாகக் கேட்டார்.

"கைய கீழ வுட்டா வுழுந்துடும்மா," என்றார் கடைக்காரர்.

"வுழுந்தா எடுத்து போட்டுக்குவா."

எனக்கு அழுகை வந்தது. உனக்குக் கை நிறையப் போட்டவர், எனக்கு மட்டும் இரவல் வாங்கியது மாதிரியா போடுவார்? அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து வளையலுக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்ப்பார். ஏன் என்று கேட்டால் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் தலைவலி வந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்தேன், அடங்கவில்லை. அத்தையிடம் சொன்னேன். விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை.

"கெளம்பு," என்றார். அடுப்பில் கொதித்த சோற்றை இறக்கிவைக்கக்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் பட்டை கட்டி ரத்தக் கொதிப்புப் பார்த்த நர்சம்மா, "உங்க வூட்ல வேற யாருக்காச்சும் இப்பிடி வந்துச்சா?" என்று கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"என் பெரிய மருமவளுக்கு. சரசாவுக்கு," என்றார் அத்தை. "நாந்தான் பூரிப்புன்னு ஊருக்கெல்லாம் காட்டிக்கினு இருந்தேன்."

வளையல்களை எடுத்தாக வேண்டும் என்றார்கள். பிள்ளை பிறக்கும் முன் உடைக்கலாமா என்று பக்கத்துக் கட்டில்காரி முணுமுணுத்தாள். அத்தை என் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார்.

மகள் பிறந்திருக்கிறாள். சின்ன உடம்பு, பெரிய குரல். இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நம் தெருவில் இனி எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு என்றாலும் நான் போவேன். விரல் நுழைகிற அளவாகப் போடச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் உன் பேரைச் சொல்வேன்.

உன்னோடு ஒரே அடுப்பில் உலை வைத்த
சின்ன மருமகள்,
கன்னியம்மா