சிவப்பு மையில் எழுதிய பெயர்கள்

பெரிய டீச்சர்,

நேற்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வண்ண அச்சு, மை வாடைகூடப் போகவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மேசைமேல் கிடக்கிறது. நீங்கள் இறந்துபோய் ஏழு மாதமாகிறது. ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நாம் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்புத் தேர்ச்சி விவரம் அது. எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது, எத்தனை பேருக்குக் கழிக்கத் தெரிகிறது என்பதோடு விட்டிருக்கலாம். சாதிவாரியாகவும் தெருவாரியாகவும் பிள்ளைகளைப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நிறம் அடித்திருந்தார்கள். காலனித் தெரு சிவப்பு. கால்வாய்க்கரைச் செங்கல் சூளையில் வேலை செய்யும் வடநாட்டுக் குடும்பங்களும் சிவப்பு. அந்தச் சூளைப் பிள்ளைகளின் காதில் தமிழ் விழத் தொடங்கியே ஓர் ஆண்டு ஆகவில்லை. தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொல்லி, வாசிக்கவில்லை என்று நிறம் பூசியிருக்கிறார்கள்.

குழுத் தலைவர் தாளைத் தட்டிக் காட்டினார். “இந்தச் செவப்பையெல்லாம் எடுத்துத் தனியா ஒரு பிரிவா உக்கார வச்சிருவோம். மெல்லக் கற்போர்னு பேரு வச்சா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அப்பந்தான் பிரைவேட் பள்ளிக்கூட வேன்ல போற நம்ம பிள்ளைக திரும்பி வரும். சார் கையெழுத்தப் போடுங்க.”

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். தீர்மானப் புத்தகம் என் முன்னால் வந்தது. அவர் பிள்ளைகளை என்று சொல்லவில்லை டீச்சர், செவப்பை என்றார். ஒரு காலத்தில் நானும் பிள்ளைகளை அப்படித்தான் நிறத்தால் பிரித்து எழுதினேன். அவரை அருவருத்த அதே நொடியில் என்னையும் அருவருத்தேன்.

நீங்கள் திசையன்விளையிலிருந்து மாறுதலாகி, தலைமையாசிரியையாக வந்த ஆண்டு அது. என் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பெருமையோடு உங்களிடம் நீட்டினேன். பட்டியல் இனப் பிள்ளைகளின் பெயர் சிவப்பு மையில், அடுத்த பிரிவு பச்சையில், மற்றவர்கள் நீலத்தில். உதவித்தொகைப் பட்டியல் எடுக்க எளிது என்று எனக்கு முன்பிருந்தவர் செய்தார். நானும் செய்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஒரு சொட்டு மை சிந்தாமல் செய்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து நல்லாருக்கு சார்” என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த மாதம் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறவள். நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு காலனித் தெருவுக்குப் போனீர்கள். அவள் அம்மா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கை நிற்கவில்லை.

“அவதான் பெயிலாமே டீச்சர். பெயிலான பிள்ளைய எதுக்கு அனுப்பணும்? இங்கன இருந்தா நாலு இலையாவது வெட்டிப் போடுவா.”

“பரிச்சையே வைக்கலயே, பெயிலுன்னு யாரு சொன்னா?” என்றீர்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து சிறுமியின் குரல் வந்தது. “பேரு கூப்புடுத நோட்டுல எம்பேரு செவப்புல இருக்கு. சார் பெயில் மார்க்க செவப்புலதான போடுவாவ?”

மதிப்பெண் பதிவேட்டில் தவறிய மதிப்பெண்ணைச் சிவப்பில் எழுதுகிறவனும் நான்தான். அவள் தன் பெயரைப் பார்த்தாள், யோசித்தாள், ஒரு முடிவுக்கு வந்தாள். அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. “அது வந்து... ஒரு நிர்வாக வசதிக்காக...”

“நிர்வாகமா! எட்டு வயசுப் பிள்ளைட்ட பேசுத பேச்சா சார் இது?” என்று என்னை வாய் மூட வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் திரும்பினீர்கள். “பெயிலானது அவ இல்லம்மா, நாங்கதான். நாளைக்கு அனுப்பி வையிங்க.”

திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தில் நின்று கேட்டீர்கள். “உங்க மவன் டவுன்ல படிக்கானே, அங்க அவன் பேரு என்ன மையில சார் இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் பெயர்களை அகரவரிசையில் வாசிக்க வாசிக்க, புதுப் பதிவேட்டில் ஒரே மையில் எழுதினேன். என்னை நீங்கள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று பேனாவைக் கையில் வாங்கி, திருப்பிக் கீழே வைத்தேன். போட மாட்டேன் என்றேன். “என்ன சார், வாய்க்குள்ளயே முனங்குதிய?” என்றார் தலைவர். இன்னொரு தடவை சொன்னேன். “சாருக்குக் கண்ணாடிய மாத்தணும்வே, நெறமே தெரியல” என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல, கூட்டம் சிரித்தது. நடந்ததையெல்லாம் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அந்தப் பெயர்களை எழுதிய கை யாருடையது என்றும் சொல்ல வேண்டும். எழாமல், அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இப்போதைய தலைமையாசிரியர், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று புத்தகத்தை மூடினார். அடுத்த மாதம் வேறொருவர் கையெழுத்தோடு அது நிறைவேறினாலும் நிறைவேறும். அதற்குள் எனக்குப் பேச்சு வருமா, தெரியவில்லை. நீங்களாக இருந்தால் அந்தத் தாளை அங்கேயே கிழித்திருப்பீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தச் சிறுமி மறுநாளே வந்துவிட்டாள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்கள். அதன்பிறகு அவள் தன் இடத்திலிருந்து பதில் சொன்னதே இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து என் மேசைக்கு வருவாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, பதிவேட்டை எட்டிப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் “உள்ளேன் ஐயா.” அந்த ஆண்டு முடியும்வரை, ஒருநாள் விடாமல்.

இடத்தில் போய் உட்கார் என்று நான் சொல்லவில்லை. என்னை நம்பாமல் அவள் எட்டிப் பார்த்தது சரிதான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.