தீர்த்தம் ஊற்றிய பாட்டரி

தேவமாதா துணை

ஆவூர்,
26-4-1957

சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஞானராஜுக்கு அப்பா எழுதுவது. சேசுநாதர் கிருபையில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது. உன் கடிதம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் வந்தது. மே பதினைந்தில் பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் பாட்டரி பரீட்சை, தேறினால் வேலை நிரந்தரம், மூன்று வருஷத்துக்கு ஊருக்கு வர முடியாது, தவறினால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் எண்பது ஆம்பியர் பாட்டரி என்றும் எழுதியிருக்கிறாய். பரீட்சையில் இப்படிச் சொன்னால் கப்பல்தான். ஆம்பியர் என்பது ஓடுகிற கரண்டின் அளவு, வோல்ட் அதைத் தள்ளுகிற அழுத்தம். பாட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதை ஆம்பியரை மணியால் பெருக்கி ஆம்பியர்-அவர் என்று சொல்ல வேண்டும், எண்பது ஆம்பியர்-அவர் என்றால் எட்டு ஆம்பியராகப் பத்து மணி நேரம் எடுக்கலாம், எண்பதையும் ஒரே மணியில் உருவலாம் என்று எண்ணாதே, கிடைக்காது. செல் பெரிதானாலும் சிறிதானாலும் இரண்டு வோல்ட்தான், ஆறு செல்லை வரிசையாகக் கோத்தால் பன்னிரண்டு. சாக்லேட் நிறத் தகடு பாசிட்டிவ், சாம்பல் நிறம் நெகட்டிவ், இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் நிற்பது செப்பரேட்டர், தகடுகள் நனைந்து நிற்கிற தண்ணீர் கலந்த ஆசிட்டுக்கு எலக்ட்ரோலைட் என்று பெயர். ஹைட்ரோமீட்டரில் அதை உறிஞ்சிப் பார், மிதவை 1250 காட்டினால் நிறைந்திருக்கிறது, 1150க்குக் கீழே போனால் காலி. காலியாகவே போட்டு வைத்தால் தகட்டில் வெள்ளை பூத்து இறுகிவிடும், அது சல்பேஷன். பட்டாளத்தில் எனக்கு இதை மூன்று வாரத்தில் கற்றுக்கொடுத்தார்கள், உனக்கு ஒரு வருஷம் ஆகியும் ஏறவில்லை.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தாய். பாட்டரியில் வற்றுவது தண்ணீர்தான், அதனால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்று. கோயில்பிள்ளை மரியசூசைக்கும் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். பாஸ்கா நாடகத்துக்குக் கோயில் மைக் செட் பாட்டரியைத் திறந்திருக்கிறார், வடித்த தண்ணீர் தீர்ந்துபோயிருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்பது மட்டும் ஞாபகமிருந்து, கோயில் வாசல் தொட்டியிலிருந்து தீர்த்தத்தை மொண்டு எல்லாச் செல்லிலும் ஊற்றிவிட்டார். உப்புக் கலந்து தீர்த்தம் மந்திரிக்கும்போது அந்த உப்புத் தட்டை ஏந்தி நிற்பதே இவர்தான். கேட்டால், "கோயில் தண்ணிய விடச் சுத்தமான தண்ணி எங்கிட்டு இருக்குண்ணே?" என்று என்னையே கேட்கிறார். பங்குச் சாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். உப்பு இறங்கிய பாட்டரி தேறாது. நம் வீட்டு ரேடியோ பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன், புதிது வரும்வரை அங்கேயே இருக்கிறது. பண்டிகைக்கு வந்த உன் அக்கா அற்புதமேரி மூன்றாம் நாளே ஆலங்குடிக்குக் கிளம்பிவிட்டாள், மாமியார் வீட்டில் முந்திரி பொறுக்க ஆளில்லையாம். போகும்போது, "ஒங்களுக்கு இன்னும் நாப்பத்தஞ்சுகூட ஆகலப்பா, அம்மா போயி ரெண்டு வருசமாச்சு, ஒருத்தியப் பாருங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறு என்றேன். உன் அம்மா இருந்தவரை ஓயாமல் பேசுவாள், பிறகு ரேடியோ பேசியது, இப்போது அதுவும் இல்லை. ஒரு ஆளுக்கு அளவாகச் சோறு வடிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

30-4-1957

மேலே உள்ளதை இருபத்தாறாம் தேதியே எழுதி ஒட்டிவிட்டேன். நாலு நாளாக ரேடியோவின் மேல் கிடந்தது. கப்பல் தபாலில் போட்டால் பரீட்சை முடிந்த பிறகுதான் உனக்குக் கிடைக்கும், நீ தவறுவாய், ஜூனில் வாசலில் வந்து நிற்பாய் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. இன்று காலையில் உறையைக் கிழித்து இதைச் சேர்த்திருக்கிறேன், கீரனூருக்கு நானே போய் ஏர் மெயிலில் போடுகிறேன். தேறிவிடு.

ஆண்டவரும் தேவமாதாவும் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். ஆசிட் கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை விடு, ஆசிட்டில் தண்ணீரை விடாதே, தெறித்தால் கண் போய்விடும். தேறியதும் தந்தி அடிக்காதே, அதில் நாலு வார்த்தைதான் இருக்கும். கடிதமாக எழுது, நீளமாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
இன்னாசி