இரண்டாவது பயிற்சி

கடலூர் ஓ.டி.,
20-11-1966

அன்புள்ள ஆரிபா,

நான் ஊருக்கு வந்து இருபது நாளாகிறது. ஒரு கார்டு போடவும் உனக்கு மனம் வரவில்லை. "பரீட்சைக்குப் படிக்கிறாள்" என்று அம்மாவிடம் சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

கம்பு இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறேன். திருச்சிப் பந்தயத்தில் எண்பதாவது கஜத்தில் தொடைக்குப் பின்னால் 'படக்'கென்று கேட்டதே, அது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அப்போது நான்தான் முதலில் ஓடிக்கொண்டிருந்தேன். நீயாவது அதை மறந்துவிடாதே.

இங்கே பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது. மார்ச்சில் இன்டர்வியூ. கமிட்டியின் கண்முன் நூறு கஜம் ஓடிக் காட்ட வேண்டுமாம். அப்பா போனதிலிருந்து அம்மாவும் நானும் சுப்பராயலு மாமா வீட்டு நிழலில்தான் இருக்கிறோம். மாமா நல்லவர். ஆனாலும் அம்மா அந்த வீட்டில் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும், ஆரிபா.

ஆஸ்பத்திரியில் ஆரோக்கியம்மாள் என்றொரு நர்ஸ் காலை அமுக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, முன்தொடை கல்லாட்டம் இருக்குது, பின்னால ஒண்ணுமே இல்லியே! பின்தசைக்குப் பயிற்சியே குடுக்கலியா அவுங்க?" என்றார். காலேஜ் டாக்டரம்மா முதலில் முன்தொடைக்கு ஒன்று, பின்தொடைக்கு ஒன்று என இரண்டு பயிற்சி எழுதிக் கொடுத்ததையும், இரண்டாவது பெண்களுக்கு வேண்டாம் என்று பிறகு அடித்துவிட்டதையும் சொன்னேன். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா ஏன் அடித்தார்கள் என்று உனக்காவது தெரியுமா?

இனி தினமும் கவிழ்ந்து படுத்துக் காலை மடக்க வேண்டும். காலேஜ் பயிற்சி அறையில் இருக்கிற இரும்பு மெஷினுக்கு இங்கே எங்கே போவது? கட்டிலின் கால்மாட்டில் கிணற்று ராட்டினத்தைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையைக் கணுக்காலிலும் மறுமுனையை எடைக்கல்லிலும் முடிந்திருக்கிறேன். கிலோக்கல் வந்த பிறகு மாமா கடையில் பழைய வீசைக்கல்லெல்லாம் சும்மாதானே கிடக்கிறது! குதிகாலை இடுப்புப் பக்கம் இழுத்தால் கல் மேலே வருகிறது. எண்ணிக்கை சொல்லத்தான் நீ இல்லை.

உன்,
விருத்தாம்பாள்


சிதம்பரம்,
29-11-1966

என் விருத்தாவுக்கு,

இறைவன் கிருபையில் இங்கு எல்லாரும் சுகம். எழுதாதது என் தப்புதான். பேனா எடுத்தால் கை ஓடவில்லை.

உன் ராட்டின மெஷினை நினைத்து ஹாஸ்டலே சிரித்தது. உன் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் என் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். அத்தா பினாங்கிலிருந்து அனுப்பிய தைலத்தை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நர்ஸம்மா சொல்கிறபடி செய். அவசரப்பட்டு எடையை ஏற்றாதே. நடந்து முடிந்ததைக் கிளறி மனதை நோகடித்துக்கொள்ளாதே. வேலை உனக்குத்தான் கிடைக்கும்.

அன்புடன்,
ஆரிபா


கடலூர் ஓ.டி.,
11-12-1966

அன்புள்ள ஆரிபா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். புத்தகம், தைலம் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

அரை வீசையில் தொடங்கி ஒரு வீசைக்கு வந்துவிட்டேன். அம்மா முதல் நாள், "இன்னாடி இது, கட்டில்ல கெணறு வெட்டப் போறியா?" என்றாள். இப்போது அவளே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறாள். எட்டுக்குப் பிறகு ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குப் போகிறாள். மகள் கஷ்டப்படுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

வலிக்கும்போதெல்லாம் டாக்டர் சவரியம்மாள் மீது ஆத்திரமாக வருகிறது. எதற்காக இரண்டாவது பயிற்சியை அடித்தார்கள்? முன்தசையை மட்டும் ஏற்றி என்னை ஓடவிட்டு என் ஓட்டத்தையே முடித்துவிட்டார்கள். இனி வருகிற பெண்களுக்காவது இப்படி ஆகக்கூடாது. காலேஜ் தலைமைக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் நோட்டில் தேதி போட்டு எழுதியவள் நீதான். டாக்டரம்மா அடித்த சீட்டும் அதில்தானே ஒட்டியிருக்கிறது, அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பு. நீதான் எனக்குச் சாட்சி.

விருத்தாம்பாள்


சிதம்பரம்,
16-12-1966

விருத்தா,

புகாரை அனுப்பாதே. டாக்டரம்மா எதையும் அடிக்கவில்லை. அடித்தது நான்.

ஜூலையில், நீ கவிழ்ந்து படுத்துப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள், அபுல் ஹசன் அண்ணன் லால்பேட்டையிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தார். பயிற்சி அறையின் ஜன்னல்களுக்குக் கதவில்லையே, வழியில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று வாட்ச்மேன் சபாபதி நல்லதாக நினைத்துத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் எல்லார் எதிரிலும் கத்தினார். "பொம்பளப் புள்ளைவோ கவுந்து படுத்துக் கால தூக்குற எடத்துல ஒனக்கு இன்னா வேல? இன்னொரு வாட்டி காதுல விழுந்துச்சின்னா டி.சி. வாங்கிடுவேன்" என்றார்.

என் படிப்பு போய்விடும் என்று நடுங்கினேன். உன்னிடம் சொன்னால் எண்ணிக்கை சொல்ல நீ வேறு ஆளை வைத்துக்கொள்வாய், நமக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் பயந்தேன். அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் சீட்டில் இரண்டாவது வரியை நானே அடித்தேன். பெண்களுக்கு வேண்டாமாம் என்று உன்னிடம் சொன்னேன். நீ "அப்பாடா" என்று சிரித்தாய். நான் சொன்னால் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

திருச்சியில் நீ விழுந்தபோது உன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு பட்டினி கிடந்து என்ன பயன்?

உனக்குச் செய்ததற்கு எனக்கு மன்னிப்பு உண்டா என்று தெரியவில்லை. திட்டியாவது எழுது.

ஆரிபா


சிதம்பரம்,
22-1-1967

விருத்தா,

பெருநாளும் போனது, பொங்கலும் போனது. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

டாக்டரம்மாவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள், "அந்தப் பெண் இப்போது எத்தனை எடை தூக்குகிறாள்?" என்று மட்டும் கேட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வருஷம் வந்த பெண்களும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு எழுந்து போகிறார்கள். "ரெண்டாவது நமக்கு இல்லியாமே" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் உனக்குச் சொன்ன பொய் அந்த அறையில் சட்டமாகிவிட்டது. இல்லை, செய்யத்தான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கதவில்லாத ஜன்னலைக் காட்டுகிறார்கள்.

உன் கால் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

ஆரிபா


கடலூர் ஓ.டி.,
12-3-1967

ஆரிபா,

நேற்று ஓடினேன். காலில் மூன்று வீசை தூக்கிப் பழகிய பிறகுதான் போனேன். எண்பதாவது கஜம் வந்தபோது உடம்பெல்லாம் கூசியது. கால் தாங்கியது. வேலை கிடைத்துவிட்டது. அம்மா மாமா வீட்டுக் கூடத்திலேயே சத்தமாகச் சிரித்தாள். ஆனால் பழைய வேகம் வரவில்லை. டிரில் டீச்சருக்கு இது போதும், பந்தயத்துக்குப் போதாது. இனி வராது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். புகாரை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் டிசம்பர் கடிதம் வந்த அன்று ராட்டினத்தைக் கழற்றி முற்றத்தில் எறிந்தேன். இரண்டு நாள் கழித்து அம்மாதான் திரும்பக் கட்டினாள். உன்னைத் திட்டி எத்தனையோ எழுதிக் கிழித்தேன். உன் அண்ணன் கத்தியது எனக்குத் தெரிந்திருந்தால் உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு நானே எண்ணிக்கொண்டு செய்திருப்பேன். ஜன்னலில் என் பழைய புடவை ஒன்றைக் கட்டியிருந்தால் போதும், ஆரிபா. ஒரு பழைய புடவை! அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை நிற்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இப்போது வரவில்லை. பொய்யாக எழுத மாட்டேன்.

அந்தப் பெண்கள் இரண்டாவதைச் செய்தாக வேண்டும். அம்மா கெட்டித் துணியாக எடுத்து வைத்திருக்கிறாள், திரை தைக்கப் போகிறாள். அறைக்குள் போய் ஜன்னல்களின் அளவை எடுத்து எழுது. அளவை மட்டும் எழுது. வேறொன்றும் வேண்டாம்.

விருத்தாம்பாள்


சிதம்பரம்,
15-3-1967

ஜன்னல்கள் மூன்று.
வழிப்பக்கம் இரண்டு: அகலம் மூன்றரை அடி, உயரம் நாலரை அடி.
மெஷினுக்கு நேரே உள்ளது: அகலம் நாலடி, உயரம் நாலரை அடி.
கம்பி மாட்ட மேலே ஆணி அடித்தாகிவிட்டது.

ஆரிபா