தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சரிந்த கோடு

பிப்ரவரி 4

என் பம்பரத்துக்கு மாமா எழுதுவது.

நான், உன் அத்தை, இரண்டு தையல் மெஷின், நால்வரும் சுகம். பனிச்சறுக்குப் பயிற்சி விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

புது உடை என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மெஷின் பெடலில் என் கால் நிற்கவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில் துணியே இல்லையே. உடை வடிவமைக்கிற அந்த அம்மாவுக்கு முதுகு என்றால் கடை ஷட்டர் என்று நினைப்பா, மேலே தூக்கி விட? அத்தையிடம் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்கிறாள்.

பதினோரு வருஷமாக உனக்குத் தைக்கிறவன் நான். ஏழு வயதில் நீ முதன்முதலாக ஐஸில் ஆடியபோது குடைத்துணியில் தைத்துக் கொடுத்தேன். அரங்கமே எழுந்து நின்றது. (பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதான் எழுந்தாங்க என்பாள் உன் அம்மா. அக்காவுக்கு எப்போதும் பொறாமை.) ஒன்பதில் சிவப்பு வெல்வெட். ஜிகினா உதிர்ந்து, ஆட்டத்தை நிறுத்திப் பெருக்கினார்கள். அதற்குப் பிறகு ஒன்றாவது உதிர்ந்ததுண்டா? பன்னிரண்டில் முழுக்கை. பதினைந்தில் அந்தக் கறுப்பு; இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வெள்ளிக்கல் பதித்த சரிந்த கோடு. அது உன் கையெழுத்து என்று பத்திரிகையில் போட்டார்களே, அது யார் கை? டேப்பைத் தொட்டிருப்பேனா? மேஜைமேல் ஏற்றி "ஒரு சுத்து சுத்து" என்பேன், கண்ணால் அளந்து வெட்டுவேன். கூனல் மாப்பிள்ளையை நிமிர்த்திக் கல்யாணம் செய்துவைத்த கை இது. ஒரு மந்திரியின் தொப்பையை மறைத்தேன், அவர் தேர்தலிலேயே ஜெயித்தார்.

ஆகவே அந்த அம்மாவிடம் முதுகை மூடச் சொல். மாமா சொன்னால் காரணம் இருக்கும்.

இப்படிக்கு,
கண்ணே டேப்பான உன் மாமா

பிப்ரவரி 19

மாமாவுக்கு,

அந்தக் காரணத்தைப் பார்த்துவிட்டேன்.

அளவுக்காக என் பழைய உடைகளைக் கேட்டார் வடிவமைக்கிறவர். பெட்டியில் இருந்த நான்கையும் உள்பக்கம் வெளியே திருப்பி மேஜையில் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றின் தோளையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உன் முதுகு வளைஞ்சிருக்கிறது இதைத் தச்சவருக்கு எப்போலேருந்து தெரியும்?"

நான் சிரித்தேன் மாமா. "எங்க மாமா கண்ணளவு. கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து லைனிங்குக்குள் விட்டார். குடைத்துணியில் இரண்டு தோளும் சமம். சிவப்பில் இடது தோளுக்குள் அரை விரல்கடைப் பஞ்சு. முழுக்கையில் ஒரு விரல்கடை. கறுப்பில் இரண்டு. அந்தச் சரிந்த கோடுகூட, பார்க்கிறவர்கள் தோள்களை ஒப்பிடாமல் இருக்க வைத்ததாம்.

மறுநாளே எக்ஸ்ரே எடுத்தார்கள். "வளர்ற வயசுல முதுகுக்குப் பெல்ட் போட்டிருந்தா பெரும்பாலும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இப்போ கம்பி வச்சு ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். "அப்புறம் ஐஸ்ல குதிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

பள்ளிச் சீருடையிலிருந்து எல்லாம் நீங்கள் தைத்தது. அம்மா கண்ணில்கூடப் படவில்லை. வலிக்கிறது என்றால் விழுந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டாள்.

தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள். கதை வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்

மார்ச் 2

பம்பரம்,

தெரியும்.

பெல்ட் என்று ஒன்று உண்டு என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதும் ஒரு சமாதானம் இல்லை. டாக்டருக்குத் தெரிந்திருக்கும், நான்தான் சொல்லவில்லை.

ஒன்பது வயதில் நீ மேஜையில் சுற்றி நின்றபோது இடது தோள் இறங்கியிருந்தது. புத்தகப்பை சுமக்கிறாள், சரியாகிவிடும் என்று பஞ்சு வைத்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். எங்கள் தொழிலில் ஆளின் குறையை ஆளிடம் சொல்கிற வழக்கமில்லை. துணியில் சரிக்கட்டிவிட்டு, "உடம்பு கம்பு மாதிரி இருக்கு" என்று சொல்லி அனுப்புவோம். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ அரங்கில் நேராக நிற்கும்போது, நான்தான் உன்னை நேராக்கிவிட்டேன் என்று நம்பினேன். என் வாழ்நாளில் யாரிடமும் பீற்றிக்கொள்ளாத பெருமை அது ஒன்றுதான்.

கூனல் மாப்பிள்ளை பொய். மந்திரியும் பொய். நீ ஒருத்திதான் நிஜம்.

உன் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "நீ தச்ச துணி இனிமே இந்த வீட்டுக்கு வரக் கூடாதுடா" என்றாள்.

மாமா

ஏப்ரல் 11

மாமா,

நான்கு உடைகளையும் டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்காத வருஷமெல்லாம் அதில் இருக்கிறதாம். "மனுஷன் எவ்வளவு ஒழுங்கா குறிச்சு வச்சிருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூனில் ஆபரேஷன். அதற்கு முன் ஒரே ஒரு போட்டிக்கு விட்டிருக்கிறார். 26ஆம் தேதி, டிவியில் வரும். முதுகு திறந்த உடைதான். உள்ளே பஞ்சு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டும்.

பதில் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 30

பம்பரம்,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

பார்த்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், விளக்கு வந்தது. அத்தை என் முழங்கையைப் பிடித்தாள். இவ்வளவு வளைவு என்று எனக்குத் தெரியாதம்மா. நான் வைத்த பஞ்சு எனக்கே மறைத்திருக்கிறது. நீ சுற்ற ஆரம்பித்தபோது வளைவும் சேர்ந்து சுற்றியது. எத்தனையாவது இடம் வந்தாய் என்று இன்னும் யாரையும் கேட்கவில்லை.

கடைக்கு ஒரு டேப் வாங்கினேன். நேற்று சீருடை தைக்க எட்டு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அளந்தேன். வலது தோள் விரல்கடையில் கால் பங்கு இறக்கம். மறுபடியும் அளந்தேன். "அம்மா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன். "தைக்கிற வேலையை மட்டும் பாருங்க. எம்பொண்ணுக்கு என்ன குறை?" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் தெருமுனைவரை அவள் பின்னாலேயே போய், இரண்டு தோளின் அளவையும் எழுதிய சீட்டை நீட்டினேன். திட்டிக்கொண்டேதான் வாங்கினாள்.

இதில் எதையும் கூட்டி எழுதவில்லை.

மாமா