அதே மாதிரி படம்

ஏங்க,

நான் ஸ்கூலுக்குக் கிளம்பிட்டேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு லேட்டாகும், அதான் சீக்கிரமே கிளம்பிட்டேன், உங்கள எழுப்பல. குஸ்கா அடுப்பு மேல இருக்கு, தால்ச்சா ஃப்ரிட்ஜ்ல. உங்க அக்கா வந்ததும் சூடு பண்ணிக் குடுங்க.

ஞாயித்துக்கிழம பார்த்த படம் எனக்குப் புடிச்சிருந்துச்சுன்னு, அதே மாதிரி நாலு படம் டிவில எடுத்து வெச்சிருக்கீங்க. நாலுலயும் அதே ஹீரோ, அதே வெட்டுக்குத்து. எனக்குப் புடிச்சது அது இல்லீங்க. ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி, "உனக்குச் சம்மதமா?"ன்னு அவன் பொண்டாட்டிகிட்ட கேப்பானே, அந்த சீன்தான்.

நீங்க அதைப் பார்க்கல. அப்போதான் வெளிய நின்னு, "ஆஃப்ஷீன் வேலைய விட்டுடுவா"ன்னு போன்ல அக்காகிட்ட சொல்லிட்டு இருந்தீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு.

நான் விடல. இன்னைக்கு அக்கா வந்து கேட்டா, நீங்களே சொல்லிடுங்க.

ஆஃப்ஷீன்

தால்ச்சால உப்பு கம்மி, போட்டுக்குங்க.

வேற படம் தேட வேணாம். அக்கா வர்றதுக்குள்ள அந்த சீன் மட்டும் பாருங்க. போனை உள்ள வெச்சுட்டுப் பாருங்க.